தேதியில்லாத சட்டம்: கைப்பேசி வழிக் கல்வியும் நம் தெருக்களும்

2023ஆம் ஆண்டின் இறுதியில், வட மாவட்டம் ஒன்றிலிருந்து விவசாயக் கூலித் தொழிலாளியான ஒரு பெண் எங்கள் அலுவலகத்திற்கு வந்தார். சுடுகாட்டுப் பாதைத் தகராறில் சாதிப் பெயர் சொல்லித் திட்டி, அடித்துக் கீழே தள்ளியிருக்கிறார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்திருந்தார், சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கையில் இருந்தது. சம்பவம் நடந்து பதினொரு நாள்கள் ஆகியிருந்தன. ஏன் இத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று கேட்டோம். "டி.எஸ்.பி. விசாரிச்சு முடிச்சாதான் எஃப்.ஐ.ஆர். போடுவாங்களாமே சார், சட்டமே அப்படித்தானே இருக்கு" என்றார். ஸ்டேஷனில் அப்படிச் சொன்னார்களா என்றோம். "அவங்களும் சொன்னாங்க. அவங்க சொன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். எங்க சொந்தக்காரங்க குரூப்லயே வந்துச்சு, அதனாலதான் நம்பினேன்" என்று கைப்பேசியை எங்களிடம் நீட்டினார்.

நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் ஒரு படம். மூன்றே வரி. கல்லூரியில் படிக்கும் அவருடைய தம்பி மகன் நல்லெண்ணத்தோடு பகிர்ந்தது. அந்தப் படத்தை எங்களால் உடனே அடையாளம் காண முடிந்தது. ஏனெனில் 2018 ஏப்ரலில் அதை உருவாக்கியவர்கள் நாங்கள்தான்.

என்ன நடந்தது என்பதைச் சட்டத்தின் வரிசையிலேயே சொல்லிவிடுகிறோம். 2018 மார்ச் 20 அன்று, சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. முதல் தகவல் அறிக்கை பதியும் முன் துணைக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர் முதற்கட்ட விசாரணை நடத்தலாம்; அரசு ஊழியரைக் கைது செய்ய அவரை நியமித்த அதிகாரியின் ஒப்புதலும், மற்றவரைக் கைது செய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதலும் வேண்டும் என்றது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது; வட மாநிலங்களில் உயிர்கள் பலியாயின. அந்த நாள்களில், தீர்ப்பு என்ன அநீதியைச் செய்திருக்கிறது என்று மக்களுக்கு உரைக்கவே நாங்கள் அதன் சாரத்தை ஒரு படமாக்கி அனுப்பினோம். ஆயிரக்கணக்கில் பரவியபோது மகிழ்ந்தோம். ஆனால், அதில் தேதி போடவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை, கைது செய்ய எவருடைய ஒப்புதலும் தேவையில்லை என்று அப்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 2019 அக்டோபர் 1 அன்று, மத்திய அரசின் சீராய்வு மனுவை விசாரித்த மூன்று நீதிபதிகள் அமர்வு முந்தைய கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 10 அன்று, பிருத்விராஜ் சௌஹான் வழக்கில் 18ஏ செல்லும் என்று தீர்ப்பானது. புகாரின் முகப்பிலேயே இச்சட்டத்தின் கீழான குற்றம் தெரியவராத வழக்குகளில் மட்டும் முன்ஜாமீன் கேட்கும் வழி திறந்து வைக்கப்பட்டது. ஆக, சட்டம் பழைய இடத்திற்கு மீண்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆன பின்பும், எங்கள் படம் மட்டும் திரும்பவில்லை. அது குழுவுக்குக் குழு தாவி, இறுதியில் ஒரு பெண்ணைப் பதினொரு நாள் வீட்டில் உட்கார வைத்தது. அந்தப் பதினொரு நாளில் உடலில் இருந்த காயம் ஆறிவிட்டது. புகாரில் தாமதம் என்ற வாதம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு இலவசமாகக் கிடைத்தது. முதல் தகவல் அறிக்கையோடு வரவேண்டிய முதல் தவணைத் தீருதவியும் தள்ளிப்போனது.

செயற்பாட்டாளர்கள் நடுவில் இன்று "டிஜிட்டல் விழிப்புணர்வு" என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. எங்கள் அனுபவத்திலிருந்து அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வயது வந்த ஒருவர் எதைக் கற்றுக்கொள்கிறார் என்பதைத் தீர்மானிப்பது, அது யார் மூலம் வந்தது என்பதே. அந்தப் பெண் காவல் துறையை நம்பவில்லை, சொந்தக்காரர்களை நம்பினார். நம்பிக்கையான கை எதை நீட்டினாலும் மக்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றால், அந்தக் கையில் என்ன வைக்கிறோம் என்பதற்கு நாம் பொறுப்பு.

யாரைக் கேட்பது?

ஆதிக்கச் சாதிக் குடும்பம் ஒன்றில் நிலத்தகராறு வந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாமா வக்கீலாக இருப்பார். சித்தப்பாவுக்குத் தாசில்தாரைத் தெரிந்திருக்கும். மருமகன் வங்கியில் இருப்பார். இரவு உணவு முடிவதற்குள் மூன்று தொலைபேசி அழைப்புகளில் அந்தக் குடும்பம் ஒரு சட்டக் கல்லூரியின் அரையாண்டுப் பாடத்தைக் கற்றுவிடும். இதை எவரும் கல்வி என்று அழைப்பதில்லை; "விவரம் தெரிந்த குடும்பம்" என்கிறார்கள். சாதி நிலத்தைப் போலவே விவரத்தையும் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்கிறது.

நம் தெருவில் இருப்பவர் யாரைக் கேட்பார்? பெரும்பாலும், எவருக்கு எதிராகப் புகார் கொடுக்க வேண்டுமோ அவருடைய உறவினரைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: ஊராட்சி எழுத்தரை, நியாயவிலைக் கடைக்காரரை, மனு எழுதித் தருபவரை. எங்களில் பெரும்பாலோர் சட்டக் கல்லூரிக்கு வந்ததே ஆதிதிராவிடர் நல விடுதியில் மூத்த மாணவரான அண்ணன் ஒருவர் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைச் சொன்னதால்தான். அவர் அன்று ஊருக்குப் போயிருந்தால் இக்கட்டுரையை எழுதும் தகுதி எங்களுக்கு இருந்திருக்காது. ஒரு தேதி, அதைச் சொல்ல ஒரு மனிதர். நம்மில் பலருடைய வாழ்க்கை இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியிருக்கிறது.

இந்த நூலை வேண்டுமென்றே முறுக்கிக் கயிறாக்கிய முன்னோர் நமக்கு உண்டு. 1907 ஜூனில் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். கையிலிருக்கும் மிகச் சிறிய காசுக்கு வாங்கும்படி விலை வைத்தார். விலையையே பெயராகவும் ஆக்கினார். அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. கோலார் தங்க வயலின் தொழிலாளர் நடுவிலும் இரங்கூனிலும் அதற்கு வாசகர்கள் இருந்தனர். வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்பினர். பண்டிதர் இதழிலேயே விடை எழுதினார். நாம் இன்று இணையவழிக் கற்றல் வலைப்பின்னல் என்று பெருமையாகச் சொல்வதன் உறுப்புகள் யாவும், அதாவது மலிவான ஊடகம், கேள்வி கேட்கும் உரிமை, பெயர் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றுத் தரும் பதில் ஆகியவை, அந்த அச்சுத்தாளில் இருந்தன. அந்த இதழின் ஒவ்வொரு பிரதியிலும் தேதியும் இருந்தது என்பதை, சற்று வெட்கத்தோடு, இங்கே குறித்து வைக்கிறோம்.

1990களின் தொடக்கத்தில் வந்த அறிவொளி இயக்கம் இன்னொரு பாடம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கற்றுத் தந்த தொண்டர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண். பிறகு? எங்கள் தாய்மார்களில் சிலர் அறிவொளி மையத்தில் கையெழுத்துப் போடக் கற்றவர்கள். கற்ற எழுத்தைப் பயன்படுத்த ஓரிடமும் இல்லாமல் அதை மறந்தவர்கள். ஆனால் சைக்கிளை மறக்கவில்லை, ஏனெனில் அது நாள்தோறும் தேவைப்பட்டது. வயது வந்தோர் கல்வியைப் பற்றி இதைவிடத் தெளிவான சான்று எங்களிடம் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09; பட்டியல் சாதியினரிடையே 73.26. இந்திய அளவில் பட்டியல் சாதிப் பெண்களில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் மட்டுமே எழுத்தறிவு பெற்றிருந்தனர். பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதுவும் தன்னார்வலர்களையும் செயலியையும் நம்பியே நிற்கிறது. வரவேற்கிறோம். ஆனால் வன்கொடுமைக்கு ஆளானவர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்கும் வரை வழக்கு காத்திருக்காது.

சட்டமே இதை அறிந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொன்ன தகவலை எழுதிய அலுவலர் கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்கிறது. நகலை உடனே கொடுக்க வேண்டும் என்கிறது. பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத பொது ஊழியர் இக்கடமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதத்திற்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதாவது, காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது படிக்கத் தெரியாதவரின் குறை அன்று. அவருடைய சட்டபூர்வமான உரிமை. 15ஏ பிரிவின் 12ஆம் உட்பிரிவோ, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவதை உரிமை என்றே எழுதியிருக்கிறது. "கூட யாரும் வரக்கூடாது" என்று காவல் நிலைய வாசலில் நிறுத்தப்படும் ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் செய்ய வேண்டிய வரி இது.

ஒன்றரை நிமிடக் குரல்

அந்தப் பெண்ணின் வழக்கு பதிவான பின்பு, நாங்கள் படங்கள் தயாரிப்பதை நிறுத்தினோம். அவரையும் அவர் தெருவைச் சேர்ந்த பதினாறு பெண்களையும் கொண்டு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். நூறு நாள் வேலையிலும் களை பறிப்பிலும் பகல் போய்விடும். எனவே இரவு எட்டரை மணி. வாரத்திற்கு ஒரு குரல் பதிவு, ஒன்றரை நிமிடத்திற்கு மிகாமல். ஒரு பதிவுக்கு ஒரே செய்தி. பதிவின் முதல் வரி எப்போதும் தேதி: "இன்றைக்கு இந்தத் தேதி வரைக்கும் சட்டம் இப்படி இருக்கிறது."

முதல் மாதம் படுதோல்வி. கேட்டார்கள், கைகூப்பும் பொம்மைகளை அனுப்பினார்கள், ஒன்றும் பதியவில்லை. கேட்பது கற்பதாகாது என்று எங்களுக்கே பிறகுதான் புரிந்தது. அதன்பின் ஒரு நிபந்தனை வைத்தோம்: கேட்டதை அவரவர் வார்த்தையில், பக்கத்து வீட்டாருக்குச் சொல்வதுபோலத் திருப்பிச் சொல்லி அனுப்ப வேண்டும். அங்கேதான் கல்வி தொடங்கியது. எங்கள் கல்வியும்தான்.

எடுத்துக்காட்டாக, 15ஏ பிரிவின் 3ஆம், 5ஆம் உட்பிரிவுகள். பிணை மனு உள்ளிட்ட நீதிமன்ற நடவடிக்கைகள் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் துல்லியமான அறிவிப்புத் தரவேண்டும். பிணை, விடுவிப்பு, தண்டனை போன்ற கட்டங்களில் அவர் கருத்துரைக்க உரிமை உண்டு. ஹரிராம் பாம்பி எதிர் சத்யநாராயண் வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த அறிவிப்பு கட்டாயமானது என்று உறுதி செய்து, அதைத் தராமல் வழங்கிய பிணையை ஏற்க மறுத்தது. இவ்வளவையும் நாங்கள் "பிணை மனு விசாரணையில் செவிமடுக்கப்படும் உரிமை" என்று செந்தமிழில் ஓதிக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் திருப்பிச் சொன்ன பதிவு இது: "அவன வெளிய விடுறதுக்கு முன்னாடி கோர்ட்டு நம்மளயும் ஒரு வார்த்த கேக்கணுமாம். கேக்காம விட்டா அது செல்லாதுன்னு எதுத்து நிக்கலாமாம்." இதைவிடச் சுருக்கமான, பிழையற்ற விளக்கத்தை எந்தச் சட்ட நூலிலும் நாங்கள் படித்ததில்லை. அன்றிலிருந்து எங்கள் குரலை விட்டுவிட்டு அக்காவின் குரலையே அடுத்தடுத்த ஊர்களுக்கு அனுப்புகிறோம், அவர் ஒப்புதலோடு.

சில நேரம் திருப்பிச் சொல்வதில் பிழை வரும். அப்போதுதான் எங்கள் விளக்கத்தில் எங்கே ஓட்டை என்று தெரியும். 'அறுபது நாள்' என்பதை ஒருவர் "அறுபது நாளில் தண்டனை" என்று சொன்னார். புலனாய்வை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே அறுபது நாள் என்பதையும், விசாரணைக்குச் சட்டம் சொல்லும் இரண்டு மாதம் அதற்குப் பிறகே தொடங்குகிறது என்பதையும், அந்த இரண்டு மாதம் நடைமுறையில் ஆண்டுகளாக நீள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கசப்பான பகுதியை மறைத்துவிட்டு உரிமையை மட்டும் சொன்னால், ஏமாற்றம் வரும் நாளில் மக்கள் சட்டத்தோடு நம்மையும் சேர்த்துக் கைவிடுவார்கள்.

தீருதவி பற்றிய பாடம்தான் அதிகம் கேட்கப்பட்டது, மறைக்க ஒன்றுமில்லை. பணம் கேட்பதாகக் கொச்சைப்படுத்துவோருக்கு அந்தப் பெண்களே விடை வைத்திருந்தார்கள்: புகார் கொடுத்த மறுநாளே வேலை நிறுத்தப்படும்போது அடுப்பு எரிய வேண்டாமா என்று. உடனடித் தீருதவிக்கு ஏழு நாள்களுக்குள் ஏற்பாடு செய்வது மாவட்ட நிர்வாகத்தின் கடமை என்று 12ஆம் விதி சொல்கிறது. 2016 விதித் திருத்தத்தில் ரூ.85,000 முதல் ரூ.8,25,000 வரை குற்றத்திற்கேற்ப அட்டவணை இருந்தது. பின்னர் தமிழ்நாடு அரசு தொகையை உயர்த்தியது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய வழக்கில், முதல் தகவல் அறிக்கையின்போது கால் பங்கு, குற்றப்பத்திரிகையின்போது பாதி, தண்டனைக்குப் பின் மீதிக் கால் பங்கு. நிலைக்கேற்ப வரும் இந்தத் தவணைகளைப் பெண்கள் மகளிர் குழுக் கடன் தவணையோடு ஒப்பிட்டு நொடியில் புரிந்துகொண்டார்கள். நாங்கள் தயாரித்து வைத்திருந்த வரைபடம் தேவைப்படவே இல்லை.

அடுத்தது, பதினாறு இலக்க எண். நீதிமன்ற வழக்கு ஒவ்வொன்றுக்கும் சி.என்.ஆர். என்னும் பதினாறு இலக்க எண் தரப்படுகிறது. ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதை இட்டால் அடுத்த விசாரணைத் தேதியும் கடந்த தேதிகளில் என்ன நடந்தது என்பதும் தெரியும். கட்டணம் இல்லை. எங்களுக்கு இது சாதாரணம். ஆனால் ஒவ்வொரு முறையும் "வாய்தா என்னைக்கு" என்று கேட்க இருநூறு ரூபாய் செலவழித்து, ஒரு நாள் கூலியை இழந்து, நீதிமன்றம் வரை வந்து திரும்பியவர்களுக்கு அது வேறு ஒன்று. எழுத்து சரளமாக வராத பெண்கள்கூட எண்களைப் பிழையின்றி அடிக்கிறார்கள். கைப்பேசி எண்களை மனத்தில் வைத்துப் பழகிய விரல்கள் அவை. ஒருநாள் இரவு, எங்கள் நாட்குறிப்பில் தவறிப்போன ஒரு பிணை விசாரணைத் தேதியை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அந்தச் சுடுகாட்டுப் பாதை வழக்கின் பெண்தான். மறுநாள் காலை நீதிமன்றத்தில் எழுந்து நின்று, இவரை விட்டால் தன்னால் அந்தத் தெரு வழியே தண்ணீர் எடுக்கப் போக முடியாது என்று சொன்னார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் திரும்பிப் பார்த்தார். மனு அன்று தள்ளுபடியானது. அடுத்த முறை பிணை கிடைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழையக் கூடாது என்ற நிபந்தனையோடு.

கையைச் சுடும் இடங்கள்

2024 ஜூலை 1 அன்று எங்கள் பாடத்தின் பாதி ஒரே இரவில் பழையதாகிவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்திற்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. இந்தியில் பெயர் சூட்டி எல்லா மாநிலத்தார் வாயிலும் திணித்தது ஒருபுறம் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கைக்கான 154ஆம் பிரிவு 173 ஆனது. சாட்சிகளைக் காவல் துறை விசாரிக்கும் 161, 180 ஆனது. நடுவர் முன் வாக்குமூலம் தரும் 164, 183 ஆனது. "நூத்தி அம்பத்திநாலுல போடுங்க" என்று ஆய்வாளரிடம் துணிந்து சொல்லக் கற்றிருந்த பெண்ணுக்கு, அந்த எண் இனி இல்லை என்று எப்படிச் சொல்வது? அப்போதுதான் எண்களை முதன்மைப் பாடமாக வைத்தது தவறு என்று உணர்ந்தோம். இப்போது கடமையைச் சொல்கிறோம், எண்ணைத் துணைக்கு வைக்கிறோம்.

புதிய சட்டத்தில் மூன்று செய்திகளைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் மூன்று நாள்களுக்குள் நேரில் கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும். "ஆன்லைனில் அனுப்பிவிட்டோம்" என்று நிம்மதியாக இருந்துவிடுவது ஆபத்து. மூன்றாவது, 173இன் 3ஆம் உட்பிரிவு. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் பதினான்கு நாள் முதற்கட்ட விசாரணைக்கு அது இடம் தருகிறது. இதைக் காட்டி வன்கொடுமைப் புகார்களையும் காத்திருக்க வைக்க முயல்வார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனிச் சட்டம். முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 18ஏ வெளிப்படையாகச் சொல்லும்போது பொதுச் சட்டத்தின் இந்த வழி இங்கே பொருந்தாது என்பதே எங்கள் வாதம். 2018இல் முன்வாசல் வழியாக வந்தது இப்போது பின்வாசலைத் தட்டுகிறது.

இன்னொரு ஆபத்து, நம் கோபத்திலிருந்தே பிறப்பது. பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கையை, நீதி கேட்கும் ஆவேசத்தில் அப்படியே குழுக்களில் பகிர்கிறார்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஊர், தந்தை பெயர் எல்லாம் அதில் இருக்கும். அவ்வாறு அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊரில், குடும்பம் உறவினரிடமிருந்தே மறைத்து வைத்திருந்த செய்தி இப்படி ஓர் இரவில் மூன்று ஒன்றியங்களுக்குப் போய்விட்டது. அந்தப் பெண் அதன்பின் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

சான்றுகள் பற்றி: சாதிய வசை வந்த குரல் பதிவையோ காணொளியையோ திரைப்பிடிப்பு எடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். மூலக் கைப்பேசி கையில் இருந்தால் வேலை எளிது. குழுவில் எவரோ எழுதியதற்காகக் குழு நிர்வாகியைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் அதே திசையில் சொன்னது. அச்சத்தால் குழுவைக் கலைத்துவிட வேண்டியதில்லை.

கைப்பேசி யாருடையது என்ற கேள்வி எஞ்சுகிறது. எங்கள் பதினாறு பேரில் ஐந்து பேருக்குச் சொந்தக் கைப்பேசி இல்லை; கணவருடையதோ மகனுடையதோ. மகன் வெளியூர் போனால் பாடம் போய்விடும். இதற்குச் செயலியில் தீர்வு இல்லை. சொந்தக் கைப்பேசி உள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையில் சத்தமாக வைத்து மற்றவர் கேட்கிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019இல், விடுதியின் கைப்பேசித் தடையை எதிர்த்து ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி தொடுத்த வழக்கில், இணைய அணுக்கம் கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என்றது. அந்த உரிமை மாணவிக்கு உண்டென்றால் களை பறிக்கும் அவருடைய தாய்க்கும் உண்டு. வீட்டுக்குள் அதை வாங்கித் தரும் வழக்கை யார் தொடுப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சமீபமாக, செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் சட்டம் கேட்டு வருகிறார்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். மொழி தடுமாறாமல், இல்லாத பிரிவையும் இல்லாத தீர்ப்பையும் அவை எடுத்துரைத்ததை நாங்களே கண்டிருக்கிறோம். கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ளப் பயன்படுத்துங்கள். விடையை, பெயரும் முகமும் உள்ள ஒருவரிடம் சரிபார்க்காமல் எவருக்கும் அனுப்பாதீர்கள். சட்ட உதவிக்கு 15100, வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566 ஆகிய இரண்டும் இலவசம். அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்து வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வேண்டுகோள். உங்கள் குடும்பக் குழுவில் நீங்கள்தான் "படித்த பிள்ளை". நீங்கள் அனுப்புவது தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் அத்தையின் கைப்பேசியை வாங்கி, சட்டம் பற்றிய பழைய செய்திகள் என்னென்ன அதில் கிடக்கின்றன என்று பாருங்கள். தேதியில்லாதவற்றை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு, சரியாக இருப்பதை அவர் குரலிலேயே பதிவு செய்து திரும்ப அனுப்புங்கள். ஒரு மணி நேரம் ஆகும். அந்தத் தம்பி மகன் இப்போது இதைத்தான் செய்கிறார். அடுத்த ஊரில் மேலும் இரண்டு குழுக்களை நடத்துகிறார்.

நீல மஞ்சள் படம் இன்னும் சாகவில்லை. சென்ற மாதம் வேறொரு மாவட்டத்திலிருந்து, "தோழர், இது உண்மையா?" என்ற கேள்வியோடு எங்களிடமே வந்து சேர்ந்தது. நாங்கள் எழுதி விளக்கவில்லை. சுடுகாட்டுப் பாதை வழக்கின் அந்தப் பெண் பதிவு செய்து தந்த நாற்பது நொடிக் குரலை அனுப்பினோம். அது தேதியோடு தொடங்குகிறது. "இந்தப் படத்த நம்பி நான் பதினோரு நாள் உக்காந்திருந்தேன். நீங்க உக்காராதீங்க. இன்னைக்கே போங்க, கூட ஒருத்தர கூட்டிக்கிட்டுப் போங்க, படிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறமா கையெழுத்துப் போடுங்க."